மிளகு போட்ட குக்கீஸ்

மார்ச் 3, செவ்வாய்

இன்று இரண்டு கட்டடங்களில் லிஃப்ட் மக்கர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் ஏழு மாடியும் படியேறித்தான் போக வேண்டும். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழ?

வீட்டுக்கு வந்தால், காலையில் மனைவிக்கு மூடி வைத்த தட்டு மூடியபடியே இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகிறது. போகும்போது வாசனை, ருசி இரண்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க."

பொய். சண்டை போட எனக்கும் தெம்பில்லை, அவளுக்கும் இல்லை.

மார்ச் 5, வியாழன்

டாக்டர் சொன்னது: "ருசி திரும்ப வரலாம், எப்போன்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் எதையாவது சாப்பிட வைங்க. எடை இறங்கிட்டே போகுது, இது நல்லதில்ல."

எதையாவது என்றால் எதை? சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

பேக்கரியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். அவள் போடும் சாக்லெட் சிப் குக்கீஸுக்கென்றே ஆட்கள் வருவார்கள். அதையாவது தின்பாள் என்று இன்று நானே இறங்கினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அளவு சொன்னாள். "வெண்ணெய் உருகக் கூடாதுங்க, இளகினாப் போதும்."

ஒன்றை முழுதாகத் தின்றாள். "நல்லா இருக்குங்க" என்றாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அப்புறம் நான் ஒன்றை வாயில் போட்டேன். ஓடிப்போய்த் துப்பினேன். சோப்பு! அவள் சின்னக் கரண்டி என்று சொன்ன சமையல் சோடாவைப் பெரிய கரண்டியில் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

அதைத்தான் முழுதாகத் தின்று, நல்லா இருக்கு என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் தொட்ட எதை அவள் நல்லா இருக்கு என்றிருக்கிறாள்? டீ போட்டால் திட்டு, துணி மடித்தால் திட்டு. இப்போது எல்லாமே நல்லா இருக்கு. ஏன்டி இப்படிப் பண்றே? எனக்காகவா திங்கிறே? எனக்கு உங்கிட்ட நல்ல பேரு வேணாம்டி —

நேரில் கேட்கவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

மார்ச் 9, திங்கள்

கேட்டேவிட்டேன். "நிஜத்தைச் சொல்லு. வாயில போட்டா என்ன தெரியுது?"

"நனைஞ்ச அட்டையைத் திங்கிற மாதிரி இருக்குங்க. எது போட்டாலும் அதேதான். அன்னைக்கு முட்டையில மிளகு தூவினீங்கல்ல? அது மட்டும் சுருக்குனு குத்திச்சு. நாக்கு இன்னும் செத்துப் போகலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

மார்ச் 10, செவ்வாய்

மகளிடம் போனில் யோசனையைச் சொன்னேன். "குக்கீஸ்ல மிளகா? அப்பா, அம்மா கரண்டியைத் தூக்கிட்டு அடிக்க வருவாங்க!" என்றாள்.

வரட்டுமே.

மார்ச் 14, சனி

மிளகை ஒன்றிரண்டாக உடைத்து மாவில் சேர்த்தேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. சோடா இந்தத் தடவை சின்னக் கரண்டி.

கடித்தாள். மென்றாள். புருவம் ஏறியது.

"குத்துதுங்க."

நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று மூன்று தின்றாள். எனக்கு ஒன்றே தொண்டையில் இறங்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

அதுவும் வேண்டாமாம். "எத்தனை நாளைக்குத்தான் குத்து வாங்கிட்டு உட்கார்ந்திருக்கிறது?" என்றாள். நியாயம்தான். எனக்கும் படியேறிப் படியேறி முட்டி விட்டுப்போகிறது. அடுப்படிப் பக்கமே போகவில்லை. இருவரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

இப்படியே இருந்துவிடுமோ? பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

வேறெதுவும் தோன்றாததால் மறுபடி மிளகு போட்டு மாவு பிசைந்தேன். தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

"என்னங்க இது!"

பதறிப்போய் ஓடி வந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சர்க்கரையை யாரு இப்படிக் கொட்டச் சொன்னது? பல்லு கூசுது. அடி வேற கருகிப்போச்சு. ஓவன் பக்கத்துலயே நில்லுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!"

சர்க்கரை அவள் சொன்ன அதே அளவுதான். நான் கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் நின்றேன்.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"பல்லு கூசுதுன்னு."

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. கையிலிருந்ததைப் பார்த்தாள். மெதுவாக இன்னொரு கடி கடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. "மிளகு மணக்குதுங்க" என்றாள்.

பிறகு எழுந்து என்னோடு அடுப்படிக்கு வந்து, "தள்ளுங்க" என்று என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு மாவு டப்பாவைத் திறந்தாள். இனி இதற்கு வேலையில்லை என்று மிளகை எடுத்து அலமாரியில் வைக்கப் போனேன்.

"அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க? இங்கயே இருக்கட்டும்."