சூரியன்மேல் பழி போட்ட இருமல்

அண்ணே,

இந்த வருஷமும் அந்தச் செய்தி வந்துவிட்டது. காலையில் கைப்பேசியைத் திறந்தால், குடும்பக் குழுவில் சின்ன மாமா அனுப்பியிருக்கிறார். பூமி சூரியனை விட்டுத் தூரம் போகிறதாம், ஆகஸ்டு வரை குளிருமாம், சளி, இருமல், உடம்பு வலி எல்லாம் வருமாம். கீழே நாலு கும்பிடு பொம்மை. வெளியே எங்கள் ஊர் புந்தோங்கில் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

போன வருஷம் நீங்களும் இதையேதான் அனுப்பினீர்கள். ஆயர் தாவாரில் ஆறு நாள் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தபோதும் இருமிக்கொண்டே இருந்தீர்கள். "ஜூலை மாசம் லா. சூரியன் கிட்ட வந்துட்டா தானா போயிடும்" என்றீர்கள்.

பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான், விடுவேனா? கொய்யாப்பழத்தில் சாத்தே இறைச்சி சுடும் குச்சியைக் குத்தி, சாய்த்துப் பிடித்து, மேசையைச் சுற்றி நடந்தேன். பருவங்கள் வருவது இந்தச் சாய்வால்தான், தூரத்தால் இல்லை என்றேன். ஜனவரியில் பூமி சூரியனுக்குக் கிட்ட இருக்கும்போதுதான் வடநாடுகளில் பனி கொட்டுகிறது. ஜூலையில் நாம் தள்ளிப்போவது முப்பதில் ஒரு பங்கு தூரம். நமக்கு அது உறைக்கவே உறைக்காது.

"டீச்சரம்மா, நீ ஜெயிச்சிட்டே லா" என்று கொய்யாவைப் பிடுங்கிக் கடித்தீர்கள். கடித்த வாயோடு இருமினீர்கள். எனக்கோ அண்ணனையே மடக்கிவிட்ட பெருமை. சூரியன் காரணம் இல்லையென்றால் இந்த இருமலுக்கு என்ன காரணம் என்று நான் கேட்கவே இல்லை. என் வகுப்பில் ஒருவன் அந்தக் கேள்வியை விட்டிருந்தால் அவன் காதைத் திருகியிருப்பேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் டாக்டர் உங்கள் நுரையீரல் படத்தைக் காட்டி, "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார். "வேலை லா டாக்டர்" என்றீர்கள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஜனவரி முதல் வாரம், பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வரும் நாட்களில், உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அன்று நல்ல மழை.

அழுது முடித்துவிட்டேன் அண்ணே. என்மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும் போகவில்லை. போக வேண்டாம் என்றே வைத்திருக்கிறேன், அதனிடம் வேலை வாங்குகிறேன். இன்று காலை குழுவில் நான் ஒரு வரியும் எழுதவில்லை. நேரே மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, வீட்ல யாருக்கு இருமல்?"

"உங்க அத்தைக்குத்தான்மா. மூணு வாரமா இருக்கு."

"செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கச் சொல்லுங்க. கிளினிக்குக்குப் போலாம். இப்பவே வாரேன்."