எங்கள் கத்தரிக்காயில் புழு உண்டு

அனுப்புநர்:
ச. ஜோதிலட்சுமி,
கத்தரி விவசாயி,
நெல்லித்தோப்பு கிராமம்,
திருக்கழுக்குன்றம் வட்டம்.

பெறுநர்:
தோட்டக்கலைத் துணை இயக்குநர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: என் கத்தரிக்காய் மரபணு மாற்றப்பட்டது என்ற செய்தியால் விற்பனை நின்றது – நேரில் பார்த்துச் சான்று வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காயில் புழு விழுந்துவிட்டது என்று தங்களிடம் மனு கொடுப்பவர்கள் ஏராளம். புழு இருப்பதை உறுதி செய்து தாருங்கள் என்று கேட்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கவும். நாங்கள் சிரித்து முடித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தோம்.

சென்ற வாரம் ஆதித்யா என்ற இளம் நிருபர், ஓர் இணையச் செய்திச் சேனலிலிருந்து போன் செய்தார். மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் காய் கொடுக்கும் பெண் விவசாயி என்று என்னைப் படம் எடுக்க வருவதாகச் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கே சொல்லிவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்த ஒரு வீடு மட்டும் கூட்டிப் பெருக்காது. தெருவே சேர்ந்து பெருக்கும். அந்தப் பழக்கத்தில், பக்கத்துக் கொல்லைக்காரி பூவாயி, "டிவில நம்ம ஊரு வரச்சொல்லோ சொத்தையைக் காட்டினா மானம் இன்னா ஆவுறது?" என்று கேட்டுவிட்டு, பெண்களைத் திரட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். ஓட்டை விழுந்த காய் ஒன்று விடாமல் பறித்து ஆடுகளுக்குப் போட்டார்கள். வாடிய குருத்தையெல்லாம் கிள்ளினார்கள். மிச்சமிருந்த காய்களைச் செடியிலேயே முந்தானையால் துடைத்து, தேங்காய் எண்ணெயும் தடவினார்கள். எண்ணெய்க் கிண்ணம் என் கையில்தான் இருந்தது.

ஆதித்யா கேமரா முன் காய் காயாக அறுத்தார். ஒன்றிலும் புழு இல்லை. மருந்து அடிக்கிறீர்களா என்றார். வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும்தான் என்றேன். அது சத்தியமான உண்மை. அப்படியானால் புழு எங்கே போயிற்று என்று கேட்டார். பூவாயி பெருமை தாங்காமல், "எங்க ஊரு கத்தரிக்காய்ல ஏது நைனா புழு?" என்றாள். அன்று மாலையே செய்தி வந்துவிட்டது: 'புழு அண்டாத மர்மக் கத்தரி! ரகசியமாகப் பயிராகிறதா மரபணு மாற்று விதை?' புழு தாக்காதபடி மாற்றிய அந்த விதைக்கு நம் நாட்டில் அனுமதியில்லை என்றும் சொன்னார்கள். நான் போட்டதோ, போன போகத்தில் பழுக்கவிட்டு நானே எடுத்த விதை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு பெரிய கல்யாணம். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு என் தோட்டத்தையே பேசி வைத்திருந்த சமையல்காரர் வரதன், செய்தியைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "ஆபீசர் வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும்கா, மொத்தத்தையும் அள்ளிகினு போறேன்" என்று வழியும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த நாளைத் தாண்டினால் காய் முற்றி விதை கட்டிவிடும். இந்தப் போகமே போய்விடும்.

ஆதித்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். தங்கள் சான்று கிடைத்தால் மறுப்பைத் தானே வெளியிடுவதாகச் சொல்கிறார். அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். நல்ல பிள்ளை. மர்மக் கத்தரி என்று எழுதிய அன்று மதியம்தான், எங்கள் வீட்டில் அதே கத்தரிக்காய்க் குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஐயா, இன்று காலை ஒரு காயில் ஓட்டை கண்டேன். அறுத்தால், உள்ளே கொழுகொழுவென்று ஒரு புழு! தெருவே கூடிக் கைதட்டியது. பூவாயி அதற்குத் திருஷ்டி கழிக்காததுதான் பாக்கி.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாகத் தாங்கள் என் தோட்டத்துக்கு வந்து, தங்கள் கையாலேயே பறித்து, அறுத்துப் பார்த்து, தேவையானால் ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டு, உரிய சான்று வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஆனால் வரும் நாளை மட்டும் தயவுசெய்து முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். ஆபீசர் வருகிறார் என்று காதில் விழுந்தால், பூவாயியை என்னால் தடுக்க முடியாது.

இடம்: நெல்லித்தோப்பு
நாள்: 12.02.2025

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
ச. ஜோதிலட்சுமி