பூட்டாத வீடு

ஆகஸ்ட் 12, செவ்வாய், இரவு

முதலாம் வருடக் கருத்தரங்குக் கட்டுரைக்காக, 1990இல் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரை விட்டு வந்த நாளைப் பற்றி உம்மாவின் தங்கை நபீசா சாச்சி சொன்னதை ஃபோனில் பதிந்திருந்தேன். அறையில் நாங்கள் இருவர்தான். "வீட்டப் பூட்டிட்டா வந்தீங்க?" என்று கேட்கிறேன். "ஓம், பூட்டிட்டுத்தான்" என்கிறார் சாச்சி. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண் குரல், மெதுவாக: "இல்ல."

இன்று பின்னேரம் குறிஞ்சிப்பிட்டியில் சாச்சியின் வீட்டுக்குப் போய் அதைப் போட்டுக் காட்டினேன். சாச்சி பயப்படவில்லை. தோளில் கிடந்த முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டு, கதிரையை விட்டு எழும்பி நின்றார். மாமனார் வந்தால் எங்கள் பெண்கள் அப்படித்தான் எழும்புவார்கள்.

"அவங்க சொல்றதுதான் சரி. பூட்டல்ல. மாமா, இவர்ட வாப்பா, வரமாட்டன் எண்டு உள்ளுக்கே இருந்துட்டாங்க. அதுக்குப் பிறகு ஆரும் அவங்களக் காணல்ல."

இத்தனை வருடமும் எல்லோரிடமும் பூட்டியதாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"இத எழுதவா, சாச்சி?"

"என்னட்ட ஏன் கேக்கிற? அவங்கள்ட்ட கேளு."

விரிவுரையாளர் தந்த படிவத்தில், பதிவில் பேசிய ஒவ்வொருவரின் அனுமதியும் வேண்டும். சாச்சி கையெழுத்து வைத்துவிட்டார். அடுத்த வரி வெறுமையாக இருக்கிறது. ஃபோனைப் பதிவில் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். கேட்க வாய் வரவில்லை.

இப்போதுதான் கவனிக்கிறேன், என் தலையிலும் முக்காடு.