தண்டையல் எழுந்து நின்ற நாள்

மச்சாள்,

இன்று காலை யாழ்ப்பாணப் பக்கம், திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டி, கழுத்து வெள்ளையாகும்வரை பவுடர் பூசியிருந்தாள். பலாலி வீதியில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்த வாசம் என் பக்கம் வந்தது. மற்றவர்களுக்கு அது குழந்தை வாசம். எனக்கு அது பூனை வாசம். நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு அவள் குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "உம்மடை பிள்ளை எங்கடை பூனை மாதிரி மணக்குது" என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிப் போயிருப்பாள்.

இதை உங்களிடம்தான் சொல்லலாம். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

அந்த மாரிகாலத்தை நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மயிலிட்டியில் உங்கள் தம்பியோடும் என்னோடும் இருக்கலாம் என்று நீங்கள் எங்களிடம் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் நடுவில் மரியாதை இருந்தது. அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. வளவில் கவிழ்த்து வைத்திருந்த பழைய வள்ளத்துக்குக் கீழே ஒரு தெருப்பூனை நாலு குட்டி போட்டிருந்தது. வெள்ளம் ஏறியபோது மூன்று குட்டிகளைக் கவ்விக்கொண்டு போனது. நாலாவதுக்குத் திரும்பி வரவில்லை. ஒரு நாள் முழுக்கப் பார்த்திருந்துவிட்டு, நீங்கள்தான் மழைக்குள் குனிந்து போய் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்தீர்கள்.

குசினி மேசையில் வைத்துத் தலைப்பை விரித்தீர்கள். முதுகு நடுவில் மேடாகப் புடைத்து, அங்கிருந்து ஒரு பக்கமாக வளைந்திருந்தது. முன்னங்கால் இரண்டும் நல்லாய்த்தான் இருந்தன. பின்னங்கால்கள் ஈரத் துணி போல் இழுபட்டன.

"மச்சாள், உது தப்பாது" என்றேன்.

"தப்புமோ தப்பாதோ எண்டு ஆர் உம்மைக் கேட்டது? பழைய துவாய் ஒண்டு இருந்தால் தாரும்" என்றீர்கள்.

மறுநாள் மிருக வைத்தியரிடம் போனோம். இளம் பெண், பொறுமையானவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறக்கும்போதே முள்ளெலும்பு பிழையாகப் பொருந்தியிருக்கிறது, நிமிர்த்த முடியாது என்றார். பின்னங்காலின் விரலைக் கிள்ளிப் பார்த்தார். கால் மெல்ல உள்ளே இழுபட்டது. "உணர்ச்சி கொஞ்சம் இருக்கு. ஆனால் மூத்திரம் தானாய்ப் போகாது அம்மா. தேங்கித் தேங்கி வருத்தம் வரும். சித்திரவதைப்பட விடாமல் ஊசி போட்டு விடலாம். முடிவு உங்கடை."

நான் தலையாட்டியே விட்டேன். நீங்கள் ஆட்டவில்லை.

"மூத்திரத்தை ஆரும் எடுத்துவிட்டால்?"

"ஒரு நாளைக்கு மூண்டு நாலு தரம் எடுக்க வேணும். அதுக்குக் கைப்பழக்கம் வேணும்."

"முள்ளந்தண்டு அடிபட்ட ஆக்களின்ரை வார்ட்டிலை பதினெட்டு வருசம் நிண்டனான், டொக்டர். ஷெல் பட்டதுகள், பனையாலை விழுந்ததுகள் எண்டு எத்தினை பேரைக் கழுவித் துடைச்சனான். ஒருத்தரும் என்னட்டை ஊசி கேக்கேல்லை. அடுத்த நேரச் சாப்பாடு என்ன எண்டுதான் கேட்டவை."

நீங்கள் ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக வேலை பார்த்தீர்கள் என்றுதான் எனக்குத் தெரியும். என்ன வேலை என்று அதுவரை நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நேரம் அந்தக் குட்டியைச் சுற்றி ஓடியது. காலை, மத்தியானம், பின்னேரம், படுக்கப் போகுமுன் என்று நாலு தரம் மடியில் துவாயை விரித்து அவனைக் கிடத்தி, வயிற்றில் விரல் வைத்து மூத்திரம் எடுப்பீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைப்பீர்கள். தோல் புண்ணாகாமல் இருக்கக் குழந்தைப் பவுடர். மலம் இறுகக்கூடாது என்று அவித்த மீனோடு பூசணிக்காயை மசித்துக் கொடுப்பீர்கள். பிறகு தம்பி உடுத்த பழைய சாரத்தில் கிழித்த ஒரு துண்டை அவன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, முற்றத்து மணலில் நடத்துவீர்கள். கடலில் நிற்கும் கப்பலின் தளத்தில் நடப்பவர் போல அவன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்வான். "பாருமன், பெரிய தண்டையல் எண்டு நினைப்பு" என்றீர்கள் ஒருநாள். பாய்க்கப்பல் ஓட்டிய தலைவர்களுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அவனுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

வல்வெட்டித்துறைக் கலியாணத்தை நான் எழுதாமல் விடலாம். ஆனால் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். தாலி கட்டி முடிந்ததும், சாப்பாட்டுக்கும் இருக்காமல், பூனைக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டீர்கள். சொந்தக்காரர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் உங்கள் முன்னால் நின்று சொன்னேன்: "பெத்து வளர்த்திருந்தால் தெரியும், எது பிள்ளை எது பூனை எண்டு."

நீங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்டையலின் காலைத் துடைத்து முடித்தீர்கள். பவுடர் பூசினீர்கள். மூடியை இறுக்கினீர்கள். எழுந்து போய்ப் படுத்துவிட்டீர்கள். அடுத்த நாள் ஒன்றும் நடக்காதது போல எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்கள். அந்தத் தேத்தண்ணியை விழுங்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த மாதம் உங்களுக்குப் பித்தப்பையில் கல் என்று சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பத்து நாளாவது யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். போவதற்கு முதல் நாள் பின்னேரம், தண்டையலைத் தூக்கி என் மடியில் வைத்தீர்கள். என் கையைப் பிடித்து அவன் வயிற்றில் வைத்து, அதன் மேல் உங்கள் கையை வைத்தீர்கள்.

"சின்னப் பலூன் மாதிரி ஒண்டு தட்டுப்படும். பிடிபட்டுதோ? நசிக்கிறேல்லை. கேக்கிறது. கேட்டால் தருவான்."

உங்கள் கையின் கீழே எல்லாம் எளிதாக இருந்தது. நீங்கள் போன அன்று பின்னேரம் என் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தண்டையலின் வயிறு கல் போல் இருந்தது. அவன் கத்திய கத்தலில் உங்கள் தம்பி வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தார். கடைசியில் அவரே உங்களுக்குப் போன் எடுத்து என் காதில் பிடித்தார்.

"ஏலாது மச்சாள். என்னாலை ஏலாது. செத்துப்போடுவான்."

"கண்ணை மூடும்" என்றீர்கள். மறுநாள் சத்திரசிகிச்சை உங்களுக்கு. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "பின்னங்கால் துவங்கிற இடத்துக்கு வாரும். ரெண்டு பக்கமும் விரல். இன்னும் கொஞ்சம் முன்னுக்கு. அவசரப்படாதையும். இப்ப மெதுவாய் வாலின்ரை பக்கம்."

விரல்களுக்கு நடுவில் அது வந்து நின்றது. அடுத்த நொடி என் மடி முழுக்க நனைந்தது. துவாயைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, நிலத்தில் ஓடியது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

"என்ன சத்தம் அங்கை?"

"வந்திட்டுது மச்சாள்! வந்திட்டுது!"

நீங்கள் போனை விலக்கி, பக்கத்துக் கட்டில்காரருக்கு "பூனை மூத்திரம் பெஞ்சிட்டுது" என்று அறிவித்ததும், அந்த வார்ட் பெண்கள் எல்லோரும் சிரித்ததும் எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்புக்குள்ளே என் வாய் திறந்துகொண்டது. "மச்சாள், அண்டைக்குக் கலியாண வீட்டாலை வந்து நான் சொன்னது…"

"முதல் பூனையைத் துடையும்" என்றீர்கள். பிறகு, "அதை நான் அண்டைக்கே விட்டிட்டன். நீர்தான் இன்னும் தூக்கிக்கொண்டு திரியிறீர்" என்றீர்கள்.

அதன் பிறகு என் கை தவறவில்லை. எட்டாம் நாள் காலை, துடைத்துக்கொண்டிருக்கும்போது அவன் பின்னங்கால் என் மணிக்கட்டை உதைத்தது. ஒருமுறை அல்ல, மூன்று முறை. உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்காவுக்குச் சொல்லாதையுங்கோ, வந்து பார்க்கட்டும்" என்று சத்தியம் வாங்கினேன். இரண்டு பேரும் மாறி மாறி அவனைச் சாரத்துண்டில் பிடித்து நடத்தினோம். கரைவலை இழுப்பவர் போல அந்த மனுசன் குனிந்து முன்னால் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் வீட்டுக்கு வந்த நாளை நான் எத்தனை தரம் நினைத்தாலும் அலுக்காது. ஓட்டோ வாசல் படலையில் நின்றது. "எங்கை அவன்?" என்ற உங்கள் குரல்தான் முதலில் வந்தது. விறாந்தையில் படுத்திருந்த தண்டையல் காதை நிமிர்த்தினான். முன்னங்கால்களை ஊன்றினான். பின்பக்கம் ஆடியது, சரிந்தது, மறுபடியும் ஏறியது. நாலு காலிலும் நின்றான். மூன்று அடி வைத்து விழுந்தான். நான் தூக்க ஓடினேன், "விடும்!" என்று கத்தினீர்கள். அவன் எழும்பினான். முதுகு மேடு ஒரு பக்கம், வால் மறுபக்கம், சாய்ந்து சாய்ந்து வந்து உங்கள் செருப்பில் தலையை முட்டினான்.

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அப்படியே முற்றத்தில் இருந்துவிட்டீர்கள்.

"எங்கடை வார்ட்டிலை ஒரு பெடியன் பதினொரு மாசத்துக்குப் பிறகு கம்பியைப் பிடிச்சு எழும்பி நிண்டவன்" என்றீர்கள். "வார்ட்டே கை தட்டினது. நான் மட்டும் தட்டேல்லை. கையிலை மூத்திரச் சட்டி இருந்தது."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கித் தட்டினீர்கள். ஓட்டோக்காரரும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் உங்களுக்கு அவன் இருந்தான், எனக்கு நீங்கள் இருந்தீர்கள். ஆறாம் மாதத்தில் மூத்திரம் தானாகப் போகத் தொடங்கியது. துறைமுகத்தடி நாய் ஒருநாள் துரத்தியபோது, முன்னங்கால் பலத்திலேயே மதிலில் ஏறி நின்று அந்த நாயைப் பார்த்துச் சீறினான். தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது அந்த வைத்தியர் அவனை நிலத்தில் விட்டு, முன்னும் பின்னும் நடக்கவிட்டு, "நான் சொன்னது பிழைச்சுப்போச்சு அம்மா" என்று சந்தோசமாகச் சொன்னார். போன வருடம் ஒரு மத்தியானம் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. வலிக்கவில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். தண்டையல் இப்போது என்னோடுதான் படுக்கிறான்.

இன்று திருநெல்வேலிக்குப் போனதுகூட அந்த மிருக வைத்தியர் கூப்பிட்டுத்தான். கம்பஸில் படிக்கிற இரண்டு பெண்கள், வாடகை அறையில் ஒரு நாய்க்குட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டோ தட்டி முதுகு அடிபட்டது. இப்படி இதுவரை ஐந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்று எழும்பி நடக்கின்றன. ஒன்று நடக்கவில்லை, ஆனால் வாலை ஆட்டிச் சாப்பிடுகிறது. ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. உங்களிடம் மறைக்கவில்லை.

பெண்களில் மூத்தவளின் கையைக் குட்டியின் வயிற்றில் வைத்து, அதன் மேல் என் கையை வைத்தேன். மூன்று தரம் ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது தரம் வந்தது. இரண்டு பேரும் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் மாடியிலிருந்து ஓடிவந்தார்.

"அன்ரி, நீங்கள் நேர்ஸோ?"

"இல்லை, பிள்ளை. என்ரை மச்சாள் பழக்கினவ."

"இவன் நடப்பானோ?"

குட்டி அவள் மடியில் களைத்துப்போய்க் கிடந்தது. அவளுடைய பாவாடை முழுக்க நனைந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"தெரியாது" என்றேன். "நாளைக்குக் காலமை வாறன். அவனை எழுப்பி வையும்."