மாமியாருக்குக் கட்டிய இரும்புப் பட்டை

மாப்பிள்ளைக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று இன்று காலை முடிவெடுத்தேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் முழங்கால் வலி, உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரோடு நீங்கள் போட்ட சண்டை எல்லாம் தங்கச்சி சொல்லித் தெரியும். ‘நீங்கள்’ என்று எழுதுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு ‘நீ’ வராது.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உலோகவியல் படித்தவர்கள் நாம். நம் ஆலையின் அமிலத் தொட்டியில் நீராவி ஓட்டிச் சூடேற்ற டாண்டலம் குழாய்தான் சரிப்படும் என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான்; திறப்பு விழாவில் சால்வை வாங்கியவர் நீங்கள். ஆலையின் குறைகளை மேலிடத்துக்கு எழுதி எழுதி நான் வேலையை இழந்த அன்று, கூட்டத்தில் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் எனக்குச் செல்போனில் ஒரு படம் வந்தது. அவ்வளவுதான் அழைப்பு. எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

போன மாதம் ஆலையில் பிட்டராக இருக்கும் நெட்டை என் அறைக்கு வந்தான். இப்போது மாடியில் ஒற்றை அறை எனக்கு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வாரத்தில் நான்கு நாள் கல்லூரியில் பாடம், மற்ற நாட்களில் இந்தச் சுவர். நெட்டை தலையைக் குனிந்து உள்ளே வந்து, மேசை மேல் இரண்டு உலோகத் துண்டுகளைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

“சாகாவரம் வாங்கினதுன்னு சொல்வீங்களே சார், பாருங்க உங்க மாமியார! துணி மாட்டக் கொக்கி பண்ணலாம்னு லேசா வளைச்சேன். டிக்குன்னு ரெண்டாப் போச்சு.”

அந்தக் குழாய்களுக்கு அங்கே மாமியார் என்று பெயர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கொதிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குள் வருடக்கணக்கில் நின்றாலும் கரைய மாட்டாள் என்பதால். நல்ல டாண்டலத்தைச் செம்புக் கம்பி மாதிரி வளைக்கலாம். வளைத்தால் உடையக்கூடாது.

துண்டு ஏது என்று கேட்டேன். தொட்டியில் குழாய்கள் ஆட்டம் கண்டனவாம். ஆடாமல் இருக்க எல்லாவற்றையும் சேர்த்து இரும்புப் பட்டை போட்டுக் கட்டினார்களாம். நுனி நசுங்கிய ஒரு குழாயை மட்டும் வெட்டி எறிந்தார்களாம். “பட்டைதான் சார் கரைஞ்சு கரைஞ்சு போகுது, நாங்களும் மாத்தி மாத்திப் போடறோம். மாமியாருக்கு ஒரு கீறல் கிடையாது. மாப்பிள்ளை சாரே தடிமன் அளந்து பார்த்துட்டு, உலோகம்னா இதுதாண்டான்னு தட்டிக் கொடுத்தாரு” என்றான்.

தட்டியபோது உடையாதது உங்கள் அதிர்ஷ்டம்.

படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதிக வெப்பம் தாங்கும் இந்த உலோகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எமன் உண்டு. மாலிப்டினம் அமிலத்துக்கு அசையாது. திறந்த காற்றில் பழுக்கக் காய்ச்சினால் வெள்ளைப் புகையாகப் போய்விடும். நியோபியம் இந்த அமிலத்தின் இந்தச் சூட்டைத் தாங்காது. டாண்டலத்தை அமிலம் தொடாது. ஆனால் அமிலத்துக்குள் இரும்பு அதைத் தொட்டால் கதை வேறு. இரும்பு கரையும்போது பிறக்கும் ஹைட்ரஜன் டாண்டலத்தின் மேல்தான் வந்து சேரும், மெல்ல உள்ளே இறங்கும். எடை குறையாது, தடிமன் குறையாது, பளபளப்பும் போகாது. உள்ளே மட்டும் கண்ணாடி ஆகிவிடும். பட்டை கரைந்ததைப் பார்த்துக் குழாயை மெச்சியிருக்கிறீர்கள். அந்தப் பட்டை கரைந்ததுதான் குழாயைக் கெடுத்தது.

துண்டு உடைந்த இடத்தைக் கல்லூரியில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் இருந்தது. சந்தேகமே இல்லை. ஒரு துண்டுக்கு நேர்ந்தது கட்டிப்போட்ட மற்றவற்றுக்கும் நேர்ந்திருக்கும்.

அப்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உடையட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று இருந்தேன். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, எப்படியும் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் கண்டுபிடிப்பார்கள்? நீங்கள் அளக்கும் கருவி தடிமனைத்தான் காட்டும்.

நேற்று தங்கச்சி போன் செய்தாள். வழக்கமான புலம்பல். “ரெண்டு பேரும் ஒரே மாதிரி முரண்டு. நடுவுல நான் என்னண்ணே பண்றது?” என்றாள். பிறகு, அடுத்த வாரக் கடைசியில் ஆலையை மறுபடி ஓட்டப்போகிறார்கள், மூன்று நாள் உங்களை வீட்டில் பார்க்க முடியாது என்றாள். “தொட்டிக் கண்ணாடி முன்னால நின்னு அது கொதிக்கறத தன் கண்ணால பார்த்தாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். உங்களுக்குத் தெரியாததா?” என்றாள்.

தெரியும். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. குளிர்ந்து கிடக்கும் குழாய்க்குள் முதல் நீராவி பாயும்போதுதான் அதிர்ச்சி அதிகம். குழாய் நொறுங்கினால் நீராவி நேரே அமிலத்துக்குள் பாயும். தொட்டியில் இருப்பதெல்லாம் வெளியே வர முதல் வழி அந்தக் கண்ணாடி.

போனில் சொல்லலாம் என்றால் என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தங்கச்சியிடம் சொல்லி அனுப்பினால், அண்ணன் சாபம் விடுகிறான் என்று அழுவாள். அதனால்தான் தபால். எப்படிப் போனாலும் மூன்று நாளில் வந்துவிடும்.

பட்டைகளை அறுத்தெடுங்கள். ஒரு குழாயை வெட்டி வளைத்துப் பாருங்கள். வளைந்தால் என்னைப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். உடைந்தால் அத்தனையையும் மாற்றுங்கள். டங்ஸ்டன் கொஞ்சம் கலந்த டாண்டலக் கலவை கேளுங்கள், அது விறைப்பாக நிற்கும், இவ்வளவு ஆடாது. தாங்கல் வேண்டுமென்றால் அதே உலோகத்தில் செய்யுங்கள். வேறு எந்த உலோகமும் அவளைத் தொடக்கூடாது.

இவ்வளவையும் இரண்டாவது தாளில் தனியாக எழுதியிருக்கிறேன். அதை உங்கள் கையெழுத்தில் படியெடுத்து, ஆலையை நடத்தும் பெரியவரிடம் கொடுங்கள். நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை அல்ல. என் பெயரைப் பார்த்தால் அவர் படிக்க மாட்டார். “அந்தத் துரு எழுதின கடுதாசியா? பிரிக்காம கூடையில போடு” என்று அவர் சொன்னது என் காதுக்கும் வந்தது. வேறு யாராவது அங்கே எனக்குத் துரு என்று பெயர் வைத்திருந்தால் ரசித்திருப்பேன்.

பெரியவர் கேட்காமல் ஓட்டச் சொன்னால், நீ அந்தக் கண்ணாடி முன்னால் போய் நிற்காதே. நெட்டையையும் நிற்க விடாதே. வயிற்று வலி என்று சொல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படு, என்ன பொய் வேண்டுமானாலும் சொல். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கல்யாண அழைப்புக்கு நான் இன்னும் உன்னைக் கேட்கவில்லை. நேரில் கேட்க வேண்டும். அதற்கு நீ இருக்க வேண்டும், முகத்தில் கண் இரண்டும் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் வழக்கமாகப் பெயரையும் அதன் பின்னால் மூன்று பட்டங்களையும் எழுதுவேன். இந்த முறை எழுதப்போவதில்லை. உனக்கு என் கையெழுத்து தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். இரண்டு தாளையும் இப்படியே, பெயரில்லாமல், தபாலில் சேர்க்கப் போகிறேன்.