நோம்பிக்கு மறுநாள் கூட்டம்

ஞாயிறு, இரவு

எங்கள் தெரு நூலகச் சங்கத்தைப் பதிவு செய்யப்போகிறோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று துணைவிதிகளை எழுதும் வேலையைச் செயலாளர் சாந்தி அக்கா என்னிடம் கொடுத்திருந்தார். மாலைக் கூட்டத்தில் நான்தான் வாசித்தேன். 'தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் உறுப்பினராக நீடிக்க முடியாது' என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். எழுதும்போது உறைக்கவில்லை. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் இருக்கிறார். நூலக அலமாரிகளுக்கு ஆணி அடித்ததே அவர்தான். அதைச் சொன்னேன்.

"அப்படின்னா எங்கூட்டுக்காரரையும் தூக்கிருங்க. லாரியில ஏறுனா மாசக்கணக்குல ஆளைக் காணோம்" என்று கலா அத்தை சிரித்தார்.

சாந்தி அக்கா சிரிக்கவில்லை. "வராதவங்களை வெச்சு எப்படிங்க சங்கம் நடத்தறது?"

"மாரியம்மன் நோம்பிக்கு எல்லாரும் ஊருக்கு வந்துருவாங்களேக்கா" என்றேன். "மறுநாள் பொதுக்கூட்டம் வெச்சா? அதுக்கும் வராதவங்களை மட்டும் நீக்கலாம்."

 சாந்தி அக்கா, "பழசை அடிச்சுட்டு இதை எழுது கண்ணு" என்றார்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "மறுநாளா? அன்னிக்குக் கறி விருந்தாச்சே" என்றார். "வரலீன்னா பேரை நீக்கிருவாங்கப்பா" என்றேன். "சரி சாமி, சாப்புட்டுட்டு வாரேன்."

கூட்ட நேரம் மாலை என்று எழுதிவிட்டேன்.