மஞ்சள் தலைச் சேவலும் கட்டாத சுவரும்

அன்புள்ள அக்கா,

இன்று காலை செம்பட்டிப் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பழனியில் முடி இறக்கிவிட்டு வந்தவர். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். சன்னல் காற்றில் அந்த வாசம் முகத்தில் அடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் என் தொடையைக் கிள்ளிவிட்டு, நீங்களும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து, வருகிற தையோடு இரண்டு வருடம் ஆகிறது.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். நமக்கு அது வரவேயில்லை. நமக்கும் சேர்த்து அண்ணனும் தம்பியுமே போட்டுக்கொண்டார்கள். உலை தனியானபின் முன்வாசல் இரண்டாகிவிட்டது. கொல்லை மட்டும் ஒன்றாகவே கிடந்தது. காய் நறுக்குவதும் துணி துவைப்பதும் தலை சீவுவதும் நமக்கு அங்கேதான்.

உங்கள் வீட்டுக்காரர் கன்னிவாடிப் பக்கமிருந்து நான்கு வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தார். அடுத்த வாரமே என் வீட்டுக்காரர் மூன்று வாங்கி வந்தார். அண்ணன் செய்ததைத் தம்பி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வாலை விரித்துக்கொண்டு நடக்கும் உங்கள் சேவலுக்குக் கவுன்சிலர் என்று பெயர் வைத்தீர்கள். எங்கள் சேவல் மாப்பிள்ளை. வளர்ந்த புதிதில் இரண்டும் இரண்டு நாள் கழுத்தைப் பின்னி இழுத்துப் பார்த்தன. கவுன்சிலர்தான் பெரியவர் என்று முடிவானது. அப்புறம் ஏழும் ஒரே கூட்டமாக மேய்ந்தன.

பிறகுதான் கவுன்சிலர் வேலிக் கம்பியில் தலையைக் கீறிக்கொண்டது. நீங்கள் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, கஞ்சத்தனம் இல்லாமல், தலை கழுத்து தொங்குதாடி எல்லாம் அப்பினீர்கள். காலைப் பிடித்திருந்தவள் நான். இறக்கிவிட்டதுதான் தாமதம், மாப்பிள்ளை அதன்மேல் பாய்ந்தது. பெட்டைகளும் விடவில்லை. கொத்தக் கொத்த ரத்தம் வந்தது. ரத்தம் வர வர நாம் மஞ்சள் அப்பினோம். மூன்று நாளாக இதுவே நம் வைத்தியம்.

உங்கள் வீட்டுக்காரர் கொல்லையில் நின்று சத்தம் போட்டார். "ஏலே, ஒஞ் சேவலப் பிடிச்சுக் கட்டு. எஞ் சேவலக் கொல்லப் பாக்குது."

"ஒங்க சேவல் என்ன மொறை மொறைச்சுச்சுன்னு நான் பாத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"சேவல் மொறைச்சத நீ பாத்தியாக்கும்? அப்ப மொறைச்சது சேவல் இல்ல, நீதான்."

அன்று சாயங்காலமே செங்கல் வந்து இறங்கியது. கொல்லைக்குக் குறுக்கே சுவர். திங்கட்கிழமை கொத்தனார் வருவார். சுவர் எழுந்தால் உங்களைப் பார்க்க நான் தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாக, விருந்தாளி மாதிரி வரவேண்டும். நீங்கள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தீர்கள். காம்பெல்லாம் கீரையோடு கிடந்தது.

ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டுக்காரர் பழனியில் நேர்த்திக்கடன் முடித்து, மொட்டையும் சந்தனமுமாகக் கொல்லை வழியே வந்தார். அவர் கையால் சோறு தின்று வளர்ந்த நாய் அவரை உள்ளே விடவில்லை. வேட்டியைப் பிடித்து இழுத்துக் குரைத்தது.

"ஏய், நாந்தாண்டா" என்று அவர் நாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நீங்கள் அவர் தலையைப் பார்த்தீர்கள். கூடைக்குள் மூடிவைத்திருந்த கவுன்சிலர் தலையைப் பார்த்தீர்கள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினீர்கள். பின்னாலேயே நானும் வந்தேன்.

"பாத்தியா புள்ள, தலைய மாத்துனா வளத்த நாய்க்கே ஆளு தெரியல. கோழிக்கு என்னத்தத் தெரியும்? நாமதான் அத அசலூர்க்காரனா ஆக்கிவிட்டுருக்கோம்" என்றீர்கள்.

சீயக்காய் போட்டுக் கழுவிப் பார்த்தோம். எண்ணெய் போனது, மஞ்சள் போகவில்லை. விடிந்தால் கொத்தனார். "அப்ப எல்லாத்துக்கும் சந்தனக்காப்புத்தான்" என்றீர்கள்.

விடிகாலையில் கோழிகளின் கண்ணைத் துண்டால் மூடி, ஒவ்வொன்றாக மடியில் அமுக்கி, மீதி ஆறுக்கும் மஞ்சள் பூசினோம். மாப்பிள்ளை என் கெண்டைக்காலைக் கிழித்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில் துண்டை விட்டுவிட்டீர்கள். இரையை ஒரே இடத்தில் போடாமல் நான்கு மூலைக்கும் வீசினீர்கள். ஏழு மஞ்சள் தலைகளும் ஒன்றையொன்று பார்த்து முழித்தன. செத்த நேரம் 'களக் களக்' என்று ஒரே விசாரணை. மாப்பிள்ளை ஒரு தரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிட்டே வந்தது. கவுன்சிலரும் பழைய மிடுக்கில் வாலை விரித்தது. மாப்பிள்ளை விலகிப்போய்ச் சோளம் பொறுக்க ஆரம்பித்தது.

அண்ணனும் தம்பியும் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார்கள்.

"என்னடி இது, அம்புட்டுக்கும் மஞ்சள்?" என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

"அம்மை கண்டுரும்னு பூசுனோம்" என்றீர்கள், கண் இமைக்காமல்.

கொத்தாமல் சேர்ந்து மேய்ந்த கோழிகளை இருவரும் பார்த்தார்கள். கொத்தனார் வந்தபோது உங்கள் வீட்டுக்காரர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "சுவர் இப்ப வேணாம்ப்பா. பொம்பளைகளுக்குத் துவைக்க ஒரு மேடை கட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார். தம்பி போய் மணல் அள்ளிக் கொடுத்தார்.

அக்கா, உங்கள் கொழுந்தன் இன்றும் பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்கிறார். அண்ணன் பழனியில் வேண்டிக்கொண்டு வந்த ராத்திரியோடு சண்டை நின்றதாம். முருகன் கோழிக்கும் புத்தி கொடுத்தானாம். உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போடுகிறார். சண்டையை மூட்டிவிட்டது யார் என்று தெரிந்தவர்கள் இருவர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான். ஒவ்வொரு தரமும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வருகிறது. அப்புறம் அவர்கள் இருவரும் ஒரே தட்டில் முறுக்கு எடுப்பதைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, முருகன்தான்" என்று சொல்லி வைக்கிறேன்.